வர்ணம் பூசாத கார்

அலுமினியப் பாத்திரத்தைச் சலவைச் சோடா போட்டுத் தேய்த்தால் கறுத்துப் போகும்; புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும். இந்த ரகசியத்தை உங்களுக்கு எந்த எஞ்ஜினீயரும் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை. பாட்டி சொல்லியிருப்பாள், இல்லாவிட்டால் பாத்திரமே ஒரு நாள் சொல்லிக் கொடுத்திருக்கும். ஆகவே, சீமான்களின் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி வெகு காலமாக நடந்து வரும் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு எல்லாத் தகுதியும் உண்டு, சகோதரிகளே! அந்தக் கார்களின் மேனியும் இதே அலுமினியந்தான். அதற்கு வர்ணம் பூசுவதா, வெறும் மேனியாகவே மினுங்க விடுவதா என்பதுதான் வழக்கு.

தெருவில் ஓடும் கார்களின் உடல் பெரும்பாலும் எஃகுத் தகடு. ராட்சத யந்திரம் ஓர் அமுக்கு அமுக்கினால் கதவு ஒன்று வந்து விழும். கையால் கட்டும் ஸ்போர்ட்ஸ் காரின் கதை அலாதி. ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகட்டை, மணல் நிரப்பிய தோல் பையின் மேல் வைத்து, மரச் சுத்தியால் தட்டித் தட்டிக் குழிக்கிறார் தொழிலாளி. பிறகு இரண்டு உருளைகளுக்கு நடுவே முன்னும் பின்னுமாக ஓட்டி, மேடு பள்ளங்களைச் சமன் செய்கிறார். அப்பளம் இடுவது போலத்தான். ஆனால் இந்த அப்பளம் சக்கரத்தின் மேல் கவிய வேண்டும், விளக்கைச் சுற்றி வளைய வேண்டும்! அலுமினியத்தின் எடை எஃகில் மூன்றில் ஒரு பங்குதான், கைக்கும் இணங்கும். இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பெனி 1948-ல் வெளியிட்ட பிரசித்தமான எக்ஸ்.கே. 120 காரில், முதல் 240 வண்டிகளுக்குச் சுமாராக அலுமினிய உடல்தான். ஆர்டர்கள் குவிந்தன, கைவேலை ஈடு கொடுக்கவில்லை. 1950-ல் எஃகுக்கு மாறிவிட்டார்கள்.

தட்டிய தடமும் வெல்டிங் தழும்பும் இல்லாத கைவேலை ஏது? வழக்கமாக அவற்றின் மேல் பட்டி வைத்துத் தேய்த்து, வர்ணம் அடித்து விடுவார்கள். வர்ணம் இல்லாத வண்டியில் அந்தச் சௌகரியம் கிடையாது. வெல்டிங்குக்கு வேறு ஜாதிக் கம்பியை உபயோகித்தால், மெருகு ஏற்றிய பிறகு அந்தக் கோடு நிறம் மாறிக் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே கெட்டிக்காரர்கள் அதே தகட்டிலிருந்து மெல்லிய நாடா வெட்டி, அதையே உருக்கி ஒட்டுகிறார்கள். புடவை கிழிந்தால் அதன் நூலையே உருவித் தைக்கிறோமே, அதே யுக்தி!

இந்த வெறும் மேனிக்கு உலகப் புகழ் தேடித் தந்தது ஒரு ஜெர்மானியக் கதை. அந்நாளில் பந்தயக் கார்களுக்குத் தேசத்துக்கு ஒரு நிறம். இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்ஸுக்கு நீலம், இங்கிலாந்துக்குப் பச்சை, ஜெர்மனிக்கு வெள்ளை. 1934-ல், பந்தய வண்டி 750 கிலோவைத் தாண்டக் கூடாது என்று புது விதி வந்தது. ஜூன் மாதம் நூர்பர்க்ரிங் பந்தயத்தின்போது மெர்ஸிடிஸ் வண்டியைத் தராசில் ஏற்றினால் 751 கிலோ! பாழாய்ப் போன ஒரே ஒரு கிலோ. இரவோடு இரவாக வெள்ளை வர்ணத்தைச் சுரண்டித் தள்ளினார்களாம். காலையில் வண்டி வெள்ளித் தாம்பாளமாய் ஜொலித்தது. மான்ஃபிரட் வான் பிரௌசிட்ச் அதை ஓட்டி ஜயித்தார். 'வெள்ளி அம்பு' என்ற பெயரும் நிலைத்தது. இதைச் சொன்னவர் அந்தக் கோஷ்டியின் தலைவர் ஆல்ஃபிரட் நாய்பாயர்.

கதை ஜோர்தான். ஆனால் பின்னால் வந்த ஆராய்ச்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அன்றையப் பந்தயத்துக்கு அந்த எடை விதியே கிடையாது என்று கண்டுபிடித்தார்கள். 1932-லேயே பெர்லினில் இதே பிரௌசிட்ச், வர்ணம் பூசாத மெர்ஸிடிஸ் ஒன்றை ஓட்டி வென்றிருக்கிறார் என்றும் எடுத்துக் காட்டினார்கள். எல்லாவற்றையும் விட வேடிக்கை, பிற்காலத்து 'வெள்ளி அம்பு'களுக்கு வெள்ளி நிறத்தில் வர்ணமே அடித்தார்கள்!

வர்ணத்தின் கட்சிக்கும் ஒரு கதை உண்டு. 1962-ல் அமெரிக்காவின் கரோல் ஷெல்பி, இங்கிலாந்தில் ஏ.ஸி. கம்பெனி கட்டிய அலுமினிய உடலில் ஃபோர்டு எஞ்ஜினைப் பொருத்தி, 'கோப்ரா' என்று பெயர் வைத்தார். கையில் இருந்ததோ ஒரே வண்டி. பத்திரிகைக்காரர்களுக்கு ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் போதெல்லாம் புதிது புதிதாக ஒரு நிறம் பூசி அனுப்பினார், நிறைய வண்டிகள் தயாராகிவிட்டன என்று எல்லோரும் எண்ணிக் கொள்ளட்டும் என்று! ஒரே புடவையைச் சாயம் மாற்றி மாற்றி நாலு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போன சாமர்த்தியம். அந்த வண்டி 2016-ல் 1 கோடியே 37½ லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதே கோப்ராவின் உருவத்தில், போலந்தில் மிக் விமானங்கள் கட்டிய தொழிற்சாலை ஒன்றில், 1990-களிலிருந்து அலுமினிய உடல்கள் செய்வித்து விற்றது கர்க்காம் என்ற அமெரிக்கக் கம்பெனி. அவற்றுக்கு வர்ணமே வேண்டாம் என்று சொல்லி, மெருகோடு வாங்கிக்கொண்டவர்கள் பலர்.

வாங்கியவர்கள் பாடு என்ன? காற்றுப் பட்டதுமே அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடுப் படலம் ஒன்று மூடிக்கொள்கிறது. அதனால் இரும்பு மாதிரித் துருப்பிடித்து உதிராது. ஆனால் மங்கும். விரல் பட்ட இடம் தெரியும். கடற்கரை உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாய் அரிக்கும். வெயிலில் முன்மூடி கண்ணாடி மாதிரி மின்னி, ஓட்டுகிறவர் கண்ணையே கூசச் செய்யும். நிறமில்லாத வார்னிஷ் பூசினால் என்ன என்று கேட்பீர்கள். அதில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ஈரம் புகுந்து, உள்ளே நூல் நூலாக அரிப்பு ஓடும். மெழுகு பூசித் துடைப்பதுதான் உத்தமம். அடிக்கடி மெருகு போடுவதும் ஆகாது. ஒவ்வொரு மெருகிலும் உலோகம் இம்மியளவு தேய்ந்து போகிறது. ஒன்றரை மில்லிமீட்டரில் எத்தனை தடவை தேய்க்க முடியும்?

என்னைக் கேட்டால், பழைய வண்டிகளின் வர்ணத்தைச் சுரண்டி வெள்ளியாக்கும் நாகரிகம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தத் தொழிலாளி, மேலே வர்ணம் வரும் என்று நம்பித்தான் தன் தழும்புகளை அங்கே விட்டுப் போனார். அறுபது வருஷம் கழித்து அவரைச் சபையில் நிறுத்திப் பரிகசிப்பானேன்? புதிதாகக் கட்டும் வண்டி என்றால் விஷயம் வேறு. அதிலும் கண்ணாடி மெருகைவிட, ஒரே திசையில் இழுத்துத் தேய்த்த மங்கல் பளபளப்பே மேல். சிறு கீறல் விழுந்தால் அதே திசையில் தேய்த்து மறைத்துவிடலாம், கண்ணும் கூசாது. மழையிலும் உப்புக் காற்றிலும் தினம் ஓட்டப் போகிற வண்டிக்கு வர்ணந்தான். அதற்கும் முன்னதாக அமிலம் கலந்த அடிப்பூச்சு ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆக்ஸைடுப் படலத்தின் மேல் வர்ணம் பிடிக்காமல் உரிந்து வரும். இதில் எதுவானாலும், வேலை தொடங்கும் முதல் நாளே தொழிலாளியிடம் சொல்லிவிட வேண்டும். நாடா வெட்டி வெல்டிங் செய்வதா, பட்டி போதுமா என்பதை அன்றைக்கே அவர் தீர்மானித்தாக வேண்டும்.