அலமாரி நிறைய உடை, உடுத்த ஒன்றுமில்லையா?

ஆள் பாதி, ஆடை பாதி என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நாமோ ஆடைப் பாதியை மட்டும் கடை கடையாக ஏறி இறங்கித் தேடுகிறோம். ஆள் பாதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. உடை ஆலோசகர், அதாவது ஸ்டைலிஸ்ட் என்பவரின் வேலை அந்தப் பாதியில்தான் தொடங்குகிறது.

பலர் எங்களை ஆடை வடிவமைப்பாளர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வடிவமைப்பாளர் புதிய உடையை உருவாக்குகிறார். தையற்காரர் அளவெடுத்துத் தைக்கிறார். நாங்கள் இரண்டையும் செய்வதில்லை. உங்களுக்குப் பொருந்தும் உடை எது, ஏன் பொருந்துகிறது என்பதை நீங்களே கண்டுகொள்ள உதவுகிறோம். இது நட்சத்திரங்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம்.

ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, 12 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வேலைக்குப் போக விரும்பிய ஒரு தாயார் என்னிடம் வந்தார். நேர்முகத் தேர்வுக்கு இரண்டே வாரம் இருந்தது. "எந்தக் கடைக்குப் போகலாம் அக்கா?" என்று கேட்டார். "முதலில் உங்கள் வீட்டு அலமாரிக்குப் போவோம்" என்றேன்.

மூன்று குவியல்கள்

இருந்த உடைகளையெல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டோம். கடந்த ஒரு மாதத்தில் உடுத்தியவை ஒரு குவியல். ஆண்டுக்கு ஓரிரு முறை உடுத்துபவை இரண்டாவது. உடுத்தாமலே கிடப்பவை மூன்றாவது. மூன்றாவதுதான் பெரிதாக இருந்தது. தீபாவளி மலிவு விற்பனையில் வாங்கியவை, உறவினர் அன்பளிப்பாகக் கொடுத்தவை, இவற்றோடு பிரசவத்துக்கு முந்தைய அளவில் தைத்தவையும் அதில் இருந்தன. "உடம்பு இளைத்தால் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்" என்றார். அப்படி வைத்திருக்கும் உடை, அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் நம்மைக் குறை சொல்லும். இன்றுள்ள உடம்புக்கு இன்றே ஓர் உடை வேண்டும்.

பிறகு வாரத்தின் ஏழு நாட்களையும் தாளில் எழுதச் சொன்னேன். வேலைக்கு எத்தனை நாள், கோவிலுக்கு எத்தனை நாள், வீட்டில் எத்தனை நாள்? நம் வீடுகளில் கல்யாணத்துக்குக் கட்டும் பட்டு இருபது இருக்கும். ஐந்து வேலை நாட்களுக்கு ஏற்ற உடை இரண்டு இருந்தாலே அதிகம். கணக்கு இங்கேதான் தவறுகிறது.

முதல் குவியலை விரித்துப் பார்த்தோம். ஏறக்குறைய எல்லாமே நேரான வெட்டு, முக்கால் கை, முழங்கால் வரை நீளம். அவர் அறியாமலே அவருக்கென்று ஒரு பாணி இருந்தது. அதை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய தேவையே இல்லை.

"எனக்கு எடுக்காது"

ஆனால் அவை அத்தனையும் சாம்பல், காப்பிக்கொட்டை நிறம், மங்கிய நீலம். காரணம் கேட்டேன். "நான் கறுப்பு, அக்கா. பளிச்சென்று போட்டால் எனக்கு எடுக்காது என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிவிட்டார்கள்" என்றார். சொன்னவர்கள் வேற்று மனிதர்கள் அல்லர், அவரை நேசித்த சொந்தக்காரர்கள்தாம்.

நிறப் பொருத்தம் பற்றிய பேச்சை உலகமெங்கும் பரப்பியது, 1980ஆம் ஆண்டு கேரல் ஜாக்சன் எழுதி வெளிவந்த 'கலர் மீ பியூட்டிஃபுல்' என்ற நூல். தோல், முடி, கண் இவற்றின் நிறத்தைக் கொண்டு மனிதர்களை நான்கு பருவங்களாக அவர் பிரித்தார். ஆனால் ஆசியர்களில் பெரும்பாலோர் 'குளிர்காலம்' என்ற ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டனர். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் எத்தனை வகை! ஒருவர் தோலின் அடியில் மஞ்சள் சாயல் ஓடும், இன்னொருவருக்குச் சிவப்புச் சாயல் ஓடும். எனவே புத்தகத்தைவிடக் கண்ணாடியை நம்புவதே மேல்.

சோதனை எளியது. பகல் வெளிச்சம் வரும் சன்னலோரம், ஒப்பனை இல்லாமல் அமருங்கள். வெவ்வேறு நிறத் துணிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தருகே பிடியுங்கள். துணியைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். பொருந்தாத நிறத்தில் கண்ணடிக் கருமை கூடுதலாகத் தெரியும். பொருந்தும் நிறத்தில் முகம் தெளிவாகும். நம் தாய்மார்கள் சேலை எடுக்கும்போது அதைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பதும் இதற்காகத்தான். கடை விளக்கில் தெரியும் நிறம் வேறு, வெயிலில் தெரியும் நிறம் வேறு.

அந்தத் தாயாருக்குச் சந்தன நிறம் முகத்தைச் சோர்வாகக் காட்டியது. இரண்டாவது குவியலில் அவர் அம்மாவின் பழைய காஞ்சிபுரம் சேலை ஒன்று இருந்தது. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. அதைத் தோளில் போட்டதும் கதவோரம் நின்ற மகள், "அம்மா, இதுதான்!" என்றாள். மாம்பழம், அரக்கு, கிளிப்பச்சை, மயில் கழுத்து என்று காஞ்சிபுரத் தறிகளில் ஓடும் நிறங்களை நினைத்துப் பாருங்கள். நம் நிறத்தவர் உடுத்தத்தானே அவை நெய்யப்பட்டன?

வெயிலும் குளிரூட்டியும்

நம் ஊரில் வசந்தமும் இல்லை, இலையுதிர் காலமும் இல்லை. வெளியே 33 டிகிரி புழுக்கம், அலுவலகத்துக்குள் 24 டிகிரி குளிர். பருத்தி, லினன், ரேயான் ஆகியவை வியர்வையை உறிஞ்சும். பாலியெஸ்டர் உறிஞ்சுவது மிகக் குறைவு. ஆகவே பருத்தி பஞ்சாபி சூட், அலுவலக நாற்காலியில் ஒரு மெல்லிய சால்வை என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் சமாளிக்கலாம்.

ஆயத்த உடை வாங்கும்போது முதலில் தோள்பட்டைத் தையலைக் கவனியுங்கள். அது தோள் எலும்பின் விளிம்பில் நிற்க வேண்டும். பக்கவாட்டையும் நீளத்தையும் தையற்காரர் எளிதில் சரிசெய்துவிடுவார். தோளைத் திருத்துவது கடினம், கூலியும் அதிகம். அண்ணனின் கோட்டை இரவல் வாங்கிக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போகும் தம்பிகளும் இதை நினைவில் கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் தேக்கா நிலையத்தின் மேல்மாடியிலும், கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸிலும் தையற்கடைகளுக்குப் பஞ்சமில்லை.

ஆலோசகரை நாடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். கட்டணம் எப்படி? கடைகளிடமிருந்து தரகு வாங்குகிறாரா? உங்கள் அலமாரியைப் பார்ப்பாரா, நேரே பேரங்காடிக்கு அழைத்துப் போவாரா? கட்டணம் கட்ட வசதி இல்லையென்றால் தினமும் காலையில் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். அன்றைய உடை எப்படி இருந்தது என்று மாலையில் ஒரு வரி எழுதுங்கள். 14 நாட்களில் உங்கள் பாணி உங்களுக்கே புலப்படும்.

அந்தத் தாயார் புதிதாக வாங்கியது இரண்டு உடைகளும் ஒரு மாம்பழ மஞ்சள் சால்வையும்தான். வேலை கிடைத்தது. அதற்குக் காரணம் சால்வையல்ல, அவருடைய தகுதி. "உடையை இழுத்து இழுத்துச் சரிசெய்யாமல், கேட்டதற்கு நிமிர்ந்து பதில் சொன்னேன்" என்றார். எங்கள் வேலை அவ்வளவுதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். வருகிற தீபாவளிக்கு உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை மஞ்சளைக் கையில் எடுத்தால், "உனக்கு எடுக்காது" என்று சொல்லிவிடாதீர்கள். கடை வாசலுக்கு, வெளிச்சத்துக்கு அழைத்துப் போய் ஒருமுறை பாருங்கள்.