தலைநகரின் ஊர்வன

கொழும்பு மாநகரைக் காண்போர் அதனை மாடங்களும் பெருந்தெருக்களும் நிறைந்த ஊரென்றே கருதுவர். ஆயின், அது சதுப்பு நிலங்களின் நடுவே எழுந்த நகரமாகும். களனி கங்கைத் தாழ்நிலமும், பேரை வாவியும், தியவன்னா ஓயாவும், கடலை நோக்கியோடும் வாய்க்கால்களும் இன்றும் அதனைச் சூழ்ந்துள. இதுபற்றியே 2018ஆம் ஆண்டில் ராம்சார் சாசனத்தின்கீழ் 'ஈரநில நகரம்' என்னும் சிறப்பு அதற்குக் கிடைத்தது. இந்நீர்நிலைகளே ஊர்வன பலவற்றுக்கு உறைவிடம்.

அவற்றுள் முதலில் நம் கண்ணிற்படுவது நீருடும்பு. சிங்கள மக்கள் இதனைக் கபரகொயா என்பர். கரிய மேனியில் மஞ்சட் புள்ளிகளுடன் ஆறடிக்கு மேலும் வளர்வது. மூக்குத்துளை முகத்தின் நுனியை அடுத்திருக்கும். தரையுடும்போ நரைத்த கபில நிறத்தது. அதன் மூக்குத்துளை கண்ணை நோக்கிப் பின்தள்ளி இருக்கும். நீருடும்பு எலி, நண்டு, மீன் என்பவற்றோடு செத்த பிராணிகளையும் உண்டு, வாய்க்கால்களைத் துப்புரவு செய்கின்றது. மனிதரைக் கண்டால் நீரிற் பாய்ந்து மறைவதே இதன் இயல்பு.

1990இற் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில–அத்திடியச் சதுப்பிலே முதலையும் உண்டு. அங்கே நீரோரத்தில் விழிப்பு வேண்டும்.

பாம்புகளுள் நாகமும் கண்ணாடி விரியனும் கொடிய நஞ்சுடையன. சாரையோ நஞ்சற்றது. சாரையை நாகத்தின் ஆணென்றும், இரண்டும் பிணையுமென்றும் நம்மவர் கூறுவர். அது பொருந்தாது, நாகத்தில் ஆணும் பெண்ணும் உள, சாரையிலும் அவ்வாறே. இரு பாம்புகள் முறுக்கிப் பிணைந்து எழுவதாக நாம் காண்பது பெரும்பாலும் ஆண் சாரைகள் இரண்டின் மற்போரேயாம்.

இதனை யான் அறிந்தது காலந்தாழ்த்தே. முன்னர் யான் பணியாற்றிய பாடசாலையொன்றில், அடைமழைக் காலையொன்றில், வகுப்பறை வாயிலுக்குப் பாம்பொன்று வந்தது. மாணவர் தடியெடுத்தனர், நாகமென்றெண்ணிய யானும் தடுத்திலேன். அடிபட்டு இறந்தபின் நோக்கினால் படமில்லை, அது சாரை. எலி பிடித்து நமக்கு உதவிய உயிர் எம் அறியாமையால் மாண்டது. அன்று தலைகுனிந்தவர் மாணவரல்லர், ஆசிரியனே.

சதுப்பை மண்ணிட்டு நிரப்பினால், அங்கு வாழ்ந்த உயிர்கள் எங்கே செல்லும்? வெள்ளம் பெருகும்போது மேட்டை நாடி நம் முற்றத்துக்கே வரும். அப்போது தடியைத் தேடாது விலகி நிற்க. அது தன் வழியே போகும். தவறிக் கடியுண்டால், காயத்தைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும், கடியுண்டவரை அசையவிடாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

அச்சத்தைப் போக்குவது அறிவு. மாணவர்காள், கொல்லுமுன் இனங்காணக் கற்பீராக.