கைகளில் நிற்றலும் நிலையுணர்வும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்படும் வரை, வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தினர் பலர் அங்கு உழைத்தனர். தலைக்கவச விளக்கு, முகம் திரும்பிய திசைக்கே ஒளி தரும். இருளில் கீழே இறங்குவோனின் பாதம் அடுத்த படியைக் காணாமலே கண்டறிய வேண்டும். இதற்கு உதவும் புலன் தசைகளிலும் மூட்டுக்களிலும் உள்ள நரம்பு நுனிகளைச் சார்ந்தது. 1906ஆம் ஆண்டில் ஆங்கில உடலியல் அறிஞர் செரிங்டன் இதற்குத் தனிப்பெயர் சூட்டினார். தமிழில் நிலையுணர்வு எனலாம்.

கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்க முயலும்பொழுது இப்புலனின் குறைபாடு வெளிப்படுகின்றது. புதிதாகப் பயிலும் மாணவன் தன் உடல் நேராக இருப்பதாகவே எண்ணுவான். பார்ப்போர்க்கோ அவன் முதுகு வில்லென வளைந்திருப்பது தெரியும். அவனுடைய உட்செவியிலுள்ள, புவியீர்ப்பை உணரும் உறுப்புக்கள் தலைகீழாகிவிட்டன. பாதத்தின் வேலையோ உள்ளங்கையைச் சேர்ந்துவிட்டது. உடல் விரல்களின் பக்கம் சாய்ந்தால் விரல் நுனிகள் தரையை அழுத்தி அதனைத் திருப்புகின்றன. மணிக்கட்டின் பக்கம் சாய்ந்தால் திருத்துவது கடினம். அப்புறம் ஊன்றுவதற்கு இடமில்லை.

யோகாசன ஆசிரியர் பி. கே. எஸ். அய்யங்கார் 1918ஆம் ஆண்டில் இதே கோலார் மாவட்டத்துப் பெள்ளூரில் பிறந்தவர். இளமையில் நோய்களால் நலிந்திருந்தவர். 1966ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது ஆங்கில நூலில் இந்நிலை அதோமுக விருட்சாசனம், அதாவது கீழ்நோக்கிய மரம், என்னும் பெயரால் விளக்கப்பட்டுள்ளது. சுவர், கயிறு, மரக்கட்டை ஆகியவற்றைத் துணைகொள்ளும் அவரது முறை பள்ளிகளுக்கும் ஏற்றதே.

மாணவன் தரையில் கைகளை ஊன்றிப் பாதங்களால் சுவரில் படிப்படியாக ஏறட்டும். அந்நிலையில் ஆசிரியர், "உன் இடது குதிகால் எங்கே இருக்கிறது? முழங்கால் மடங்கியுள்ளதா?" என வினவுதல் வேண்டும். விடையைக் கேட்ட பின்னரே உண்மை நிலையைத் தொட்டுக் காட்டலாம். எத்தனை விநாடி நின்றான் என்பதைவிட இவ்வினாவே பயனுடையது.

இப்பயிற்சியால் உடலின் எல்லாத் திறன்களும் வளரும் என்பது மிகைக் கூற்று. சமநிலைப் பயிற்சியின் பயன் பெரும்பாலும் பயின்ற செயலோடு நின்றுவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மிகை இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், மணிக்கட்டு அல்லது தோள் காயம் உடையோர் இதனை மேற்கொள்ளலாகாது. ஏனையோர்க்கும், சாயும்பொழுது ஒரு கையைப் பெயர்த்து வைத்துப் பக்கவாட்டில் கால்களை இறக்கும் முறையை முதலிற் கற்பித்தல் வேண்டும்.