ஒரு சீவல் நேரம்

விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுவிடுவார்கள். வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதற்குள் அப்பா தம் நிரையை வெட்டி முடிக்கவேண்டும். “ஒரு வெட்டுக்கு ஒரு சீவல்தான்யா. ஆழமா இழுத்தா மரத்துக்குக் காயம். அப்புறம் பட்டை ஒழுங்கா வளராது” என்பார். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் கேட்ட அந்தப் பாடம், மருத்துவம் படிக்கப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

1980களின் தொடக்கம் அது. ஈப்போவில் அப்போது மருத்துவக் கல்லூரி கிடையாது, கோலாலம்பூருக்குப் போனேன். மருத்துவமனைப் பயிற்சியான போஸ்டிங் தொடங்கியதும் பொழுது என் கையில் இல்லை. காலையில் வார்டு ரவுண்ட்ஸ், பிற்பகலில் கிளினிக், சில இரவுகளில் ஆன்-கால். படிப்பை விடுமுறைக்குத் தள்ளிவைத்தேன். டேவிட்சனின் மருத்துவப் பாடப்புத்தகத்தைச் சுமந்துகொண்டு புடுராயாவில் பஸ் ஏறித் தோட்டத்தில் எங்கள் குடியிருப்பான லயத்துக்கு வந்தால், இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றுவிடும். மண்ணெண்ணெய் விளக்கில் ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்களை விழுங்கினேன். தேர்வில் நோயாளியின் கட்டிலருகே நின்றபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஆழமாக இழுத்துவிட்டேன்.

இன்று அந்த லயம் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களின் பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்கியது. ஆனால் எங்கள் தோட்டம் பின்னாளில் வேறு கைக்குப் போய்ச் செம்பனைக் காடானது. அக்கா குடும்பம் ஈப்போவில் ஒரு தாமானில் இருக்கிறது. ராயல் காலேஜ் ஆஃப் மெடிசின் பேராக் மாணவர்கள் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் பயிற்சி பெறும் ஊர் இது. அக்கா மகளும் இப்போது போஸ்டிங்கில் இருக்கிறாள்.

நான் சுமந்த புத்தகமெல்லாம் அவள் கைப்பேசியில் இருக்கிறது. அறுவை அரங்குக்கு வெளியே காத்திருக்கும் பத்து நிமிடத்தில் ‘அங்கி’ செயலியில் இருபது கேள்வி அட்டைகளைப் பார்த்துவிடுகிறாள். மறக்கப்போகும் நேரம் பார்த்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்கும் செயலி அது.  ஆனால் நோயாளியிடம் கேட்டு எழுதும் கேஸ் கிளார்க்கிங், லாக் புக் கையெழுத்து எல்லாம் முடிந்து மாலையில் வீடு திரும்பினால் கண் சொருகுகிறது. “படிக்க நேரமே இல்ல மாமா” என்று சொல்லும்போது அவள் குரல் கம்முகிறது.

“இன்னைக்கு யாரைப் பார்த்தே?” என்று கேட்டேன்.

பால் வெட்டியே வயதான ஒரு பாட்டி. கால் வீக்கம், மூச்சுத் திணறல். தமிழ் பேச ஆளில்லாமல் இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். “எத்தனை தலகாணி வெச்சுப் படுப்பீங்க பாட்டி?” என்று கேட்டாளாம். “மூணு, கண்ணு. படுத்தா மூச்சு முட்டுது.”

“அந்த மூணு தலகாணியை மட்டும் இன்னைக்குப் படி” என்றேன். மல்லாந்து படுத்ததும் காலில் தேங்கிய நீர் இரத்தத்தோடு நெஞ்சுக்குத் திரும்புவதையும், தளர்ந்த இதயம் அதைத் தள்ளமுடியாமல் நுரையீரல் கனப்பதையும் இரண்டு பக்கத்தில் படித்துவிட்டுத் தூங்கப்போனாள்.

சில நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். நீர் பிரியும் மருந்து வேலை செய்கிறதாம். “பாட்டி இப்ப ஒரே தலகாணியில படுக்கறாங்க மாமா. ஏன்னு எனக்குத் தெரியும்.”