ஞாயிறு மதியம் யார் 'வேண்டாம்'னு சொல்றது? குட்டி விமானத்தில் ஒரு வீக்கெண்ட்

இந்த எபிசோடை விருத்தாசலத்துல, எங்க அம்மா வீட்டுல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி லொட லொடனு சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. அப்பாவோட செராமிக் யூனிட்ல அகல் விளக்கு அடுக்குறாங்க.

ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. ஒரு ஜோடி, ஒரு குட்டி விமானம், சனிக்கிழமை காலையில கிளம்பி ஞாயிறு சாயங்காலம் வீடு. "நம்ம ஊர்ல இது முடியுமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முடியும். நானும் என் கணவரும் ஒரு தடவை பண்ணிட்டோம். ஆனா ரீல்ஸ்ல வராத பகுதியைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல லைசென்ஸ்

இவர்கிட்ட இருக்கிறது பிரைவேட் பைலட் லைசென்ஸ். 17 வயசு முடிஞ்சிருக்கணும், பத்தாவது பாஸ், மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வுகள், குறைந்தது 40 மணி நேரம் பறந்த அனுபவம். இதை வச்சு மனைவியையோ நண்பரையோ கூட்டிட்டுப் போகலாம். காசு வாங்கிட்டு யாரையும் ஏத்தக் கூடாது.

நாங்க எடுத்தது பெங்களூர் பக்கம் ஒரு கிளப்போட செஸ்னா 172. நாலு சீட், ஒரே இன்ஜின், மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகம். நாலு சீட் இருக்குன்னு நாலு பெரியவங்க, பெட்டி, முழு டேங்க் எல்லாம் ஏத்த முடியாது. எடைக் கணக்கு இடிக்கும். இந்த மாதிரி விமானங்களுக்கான ஆவ்கேஸ் பெட்ரோல் எல்லா விமான நிலையத்துலயும் கிடைக்காது. அதனால திரும்பி வர்றதுக்கும் சேர்த்தே கணக்குப் போடணும்.

எங்கே இறங்குறது?

விருத்தாசலத்துல ஓடுதளம் இல்லை. பக்கத்துல நெய்வேலியில ஒண்ணு இருக்கு. உளுந்தூர்பேட்டையில இரண்டாம் உலகப் போர் காலத்து ஓடுதளம் இருக்கு. ஆனா ஓடுதளம் கண்ணுக்குத் தெரியுதுன்னு இறங்கிட முடியாது. அனுமதி வேணும், கிளம்புறதுக்கு முன்னாடியே பயணத் திட்டம் கொடுக்கணும், வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்கணும். அதனால புதுச்சேரியில இறங்கி, அங்கிருந்து கார்.

வானத்துல ஒன்றரை மணி நேரம். கீழே மலைகள், சாத்தனூர் அணை, வெள்ளிக் கம்பி மாதிரி தென்பெண்ணை. அதுக்காகவே போகலாம். நேரத்தை மிச்சம் பிடிக்கணும்னு மட்டும் போகாதீங்க. காலையில அஞ்சரைக்கு வீட்டை விட்டோம். அம்மா கையால சாப்பிட உட்காரும்போது மதியம் ஒண்ணு. ராத்திரி பஸ் ஏறியிருந்தாலும் இதே நேரம்தான், தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

கிளம்பும்போது அம்மா ஒரு அட்டைப்பெட்டி விளக்கும் பொம்மையும் கட்டி வச்சிருந்தாங்க. "மாப்ள, எடுத்துட்டுப் போங்க." பதினாலு கிலோ. இவர் பேப்பர்ல எடையைக் கூட்டிப் பார்த்துட்டுப் பாதியை எடுத்து வெளியே வச்சார். அம்மா முகம் சுருங்கிடுச்சு.

மதியம் புதுச்சேரிக்கு வந்தா, மேற்கே மலைப் பக்கம் மேகம் கட்டி நிக்குது. இவர் வானிலை அறிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். எனக்கு திங்கட்கிழமை காலையில ஆபீஸ்ல முக்கியமான பிரசன்டேஷன். நான் சொன்னேன்: "கொஞ்சம் மேகம்தானே, சுத்திப் போயிடலாம்ல?"

இப்போ யோசிச்சா கூசுது. ஏன்னா இவர் லைசென்ஸ், கண்ணால வெளியே பார்த்து ஓட்டுறதுக்கு மட்டும்தான். மேகத்துக்குள்ள நுழையக் கூடாது.

ஏன் கூடாது? வெளியே எதுவும் தெரியலைன்னா, காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு ஏமாத்திடும். விமானம் சாய்ஞ்சு திரும்பிட்டு இருக்கும். உடம்பு "நேராத்தான் போறோம்"னு சொல்லும். 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. வெளிக்காட்சியை மறைத்ததும் 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதுக்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. மூணு நிமிஷம் கூட இல்லை.

1999 ஜூலையில் ஜான் கென்னடி ஜூனியர், மனைவி கரோலின், அவங்க அக்கா லாரன் மூணு பேரும் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சின்ன விமானத்துல கிளம்பினாங்க. குடும்பத்துல கல்யாணம். கடல் மேல, மூட்டமான இருட்டுல, விமானம் விழுந்து மூணு பேரும் இறந்தாங்க. பைலட்டுக்குத் திசை, சாய்வு பத்தின உணர்வு தப்பியதுதான் காரணம்னு விசாரணை சொன்னது. அதுவும் ஒரு வீக்கெண்ட் பயணம்தான்.

எனக்கு இதெல்லாம் அன்னைக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். ஆனாலும் நான் அப்படிச் சொன்னதும், சாவியைக் கையில எடுத்தார். அப்புறம் கீழே வச்சார். "இன்னைக்கு வேண்டாம்பா." நான் அரை மணி நேரம் பேசவே இல்லை.

விமானத்தை அங்கேயே கட்டிப் போட்டுட்டு, ராத்திரி பஸ் பிடிச்சோம். பார்க்கிங் கட்டணம், கிளப்புக்குக் கூடுதல் பணம், செவ்வாய்க்கிழமை மறுபடி லீவு போட்டுப் போய் எடுத்துட்டு வந்தது எல்லாம் சேர்த்தா நல்ல அடி.

அப்பாகிட்ட ஃபோன்ல புலம்பினேன். அவர் சொன்னார்: "ஈரம் காயாத மண்ணைச் சூளையில வச்சா வெடிச்சுடும்மா. திங்கட்கிழமை லாரி வருதுன்னா மண்ணு சீக்கிரம் காயுமா?"

நாங்க போட்டுக்கிட்ட மூணு விதி

ஒண்ணு: திரும்புற நாளுக்கு பஸ் இல்லைன்னா ரயில் டிக்கெட் முன்பே எடுத்து வச்சிடுவோம். தேவைப்படலைன்னா ரத்து பண்ணிக்கலாம்.

ரெண்டு: மறுநாள் முக்கியமான வேலை இருந்தா அந்த வாரம் பறக்கிறதில்லை.

மூணு: ரெண்டு பேர்ல யார் "வேண்டாம்"னாலும் பயணம் அதோட நின்னுடும். காரணம் கேட்கக் கூடாது, அப்புறம் குத்திக் காட்டவும் கூடாது.

பக்கத்து சீட்ல இருக்கிறவங்க வெறும் பயணி இல்லை. இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு ஜோடி உண்டு. கேப்டன் வி. சுந்தரம், உஷா சுந்தரம். உஷா 1949-இல் பெங்களூர் ஜக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் தேறியவர். 1950-களின் தொடக்கத்தில், சென்னை அரசுக்காக வாங்கிய டவ் ரக விமானத்தை இருவரும் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் கொண்டு வந்தார்கள். பின்னாடி சென்னையில ப்ளூ கிராஸைத் தொடங்கினவங்களும் இவங்கதான். ரெண்டு பேருக்கும் வானத்தைப் படிக்கத் தெரியும்.

எனக்கு இன்னும் விமானம் ஓட்டத் தெரியாது. ஆனா வானிலை அறிக்கை படிக்கக் கத்துக்கிட்டேன். இந்தத் தடவை வீட்டுக்கு ரயில்லதான் வந்தோம். அந்தப் பாதிப் பெட்டி பொம்மை இன்னும் இங்கேயே இருக்கு; அதையும் தூக்கிட்டுத்தான் போறோம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!