ஐசக்கின் பெயரில் ஒரு விடுதி

வாஷிங்டன் நகரில், பொட்டோமாக் ஆற்றைப் பார்த்தபடி ஒரு மேட்டின்மேல் இருக்கிறது ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம். அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஆயரான ஜான் கரோல் 1789-இல் தொடங்கியது. அந்நாட்டின் கத்தோலிக்க உயர்கல்வி நிலையங்களில் இதுவே மூத்தது. இயேசு சபையாரின் நிறுவனம். நம்மூரில் திருச்சி சூசையப்பர் கல்லூரியிலோ சென்னை லயோலாவிலோ பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரியிலோ படித்தவர்களுக்கு இந்தச் சபையாரின் போக்கு புதிதல்ல. படிப்பில் கறாராக இருப்பார்கள். அதே சமயம், மாணவன் சாப்பிட்டானா, ஏன் முகம் வாடியிருக்கிறான் என்றும் விசாரிப்பார்கள். மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாமல் முழு ஆளையும் பேண வேண்டும் என்பது அவர்களுடைய பழைய பாடம். ஜார்ஜ்டவுனில் அந்தப் பாடம் எப்படி நடைமுறைக்கு வருகிறது என்று பார்க்க விடுதிகளிலிருந்து தொடங்குவதுதான் சரி.

அங்கே விடுதிக் கட்டடங்களில் மாணவர்களோடு ஆன்ம வழிகாட்டிகளும் குடியிருக்கிறார்கள். குருக்கள் மட்டுமல்ல, பொதுநிலையினரும் உண்டு. வேறு மதத்தவரும் உண்டு. விதிமீறலைப் பிடிப்பது இவர்கள் வேலையல்ல. வாரத்தில் ஒரு மாலை அறைக்கதவைத் திறந்துவைத்து, தின்பதற்கு ஏதாவது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வருகிற பிள்ளை கடவுளைப் பற்றியும் பேசலாம், தேர்வில் தோற்றதைப் பற்றியும் பேசலாம், ஒன்றுமே பேசாமல் பிஸ்கட்டைத் தின்றுவிட்டும் போகலாம். வீட்டை விட்டு முதன்முறையாக வந்திருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இதன் அருமை என்னவென்று விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்குத் தெரியும். விடுதி வார்டனிடம் போய்ச் சொல்ல முடியாத துக்கங்கள் எத்தனை!

முதலாண்டு மாணவர்களை நகரத்தை விட்டு வெளியே அழைத்துப்போய் ஓரிரவு தங்கவைக்கும் வழக்கமும் இருக்கிறது. வர்ஜீனியாவின் நீலமுகட்டு மலைப்பகுதியில் அதற்கென்றே தியான இல்லம் கட்டியிருக்கிறார்கள். மதம் எதுவானாலும் வரலாம், மதமில்லாதவரும் வரலாம். இளநிலை மாணவர் எல்லோருக்கும் இறையியலில் இரண்டு பாடங்கள் கட்டாயம். அவற்றில் புகழ்பெற்ற ஒன்றின் பெயரே ‘கடவுள் என்னும் சிக்கல்’. பாடத்தின் பெயரிலேயே சிக்கல் என்று ஒத்துக்கொள்கிற நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

வளாகத்தின் நடுவில் டால்கிரன் சிற்றாலயம். பச்சிளம் பருவத்தில் இறந்துபோன மகனின் நினைவாக ஒரு தம்பதி கொடுத்த பணத்தில் 1893-இல் எழுந்தது. ஞாயிறு இரவுத் திருப்பலிக்கு மாணவர்கள் அங்கே கூடுவார்கள். சற்றுத் தள்ளி இயேசு சபையாரின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது; வகுப்புக்கும் விடுதிக்கும் நடக்கிற பிள்ளைகள் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவே மற்ற மதங்களுக்கும் இடம் கிடைத்தது. 1968-இலேயே ஹரால்டு வைட் என்ற யூத ரபியை முழுநேரமாக அமர்த்தினார்கள். கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று ரபியை அப்படி வேலைக்கு வைப்பது அதற்கு முன் கேள்விப்படாத விஷயம். 1999-இல் இமாம் யஹ்யா ஹெந்தி வந்தார். 2016-இல் பிரம்மச்சாரி விரஜ்விஹாரி சரண் இந்து மாணவர்களுக்குப் பொறுப்பேற்றார். இன்று வளாகத்தின் லீவி மையக் கட்டடத்தில் யூதர்களுக்குக் கூடுமிடமும், தர்மாலயம் என்ற பெயரில் வழிபாட்டுக்கூடமும், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வசதியோடு பள்ளிவாசலும் இருக்கின்றன. இதனால் கத்தோலிக்க அடையாளம் கரைந்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் வீட்டில் நடமாடுகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட உறுதியான விசுவாசம் வேண்டும்.

சண்டைகளும் இல்லாமலில்லை. தன்பாலீர்ப்பு மாணவர் அமைப்பினர் அங்கீகாரம் கேட்டு நீதிமன்றம் போனார்கள். அங்கீகரிக்க வேண்டியதில்லை, ஆனால் மற்றவர்களுக்குள்ள வசதிகளை இவர்களுக்கும் தந்தாக வேண்டும் என்று 1987-இல் தீர்ப்பு வந்தது. 2008-இல் அவர்களுக்கென்று ஒரு மையத்தைப் பல்கலைக்கழகமே திறந்தது. இருபது ஆண்டு இடைவெளி. திருச்சபையில் எதுவும் மெதுவாகத்தான் நகரும் என்பார்கள்.

மற்றவர்களை இப்படிச் சேர்த்துக்கொள்ளக் கற்ற நிறுவனம், தன் சொந்தப் பிள்ளைகளை என்ன செய்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இயேசு சபைப் பள்ளிகள் கற்பிப்பதற்குக் காசு வாங்கக்கூடாது என்ற பழைய விதி அந்தக் காலத்தில் இருந்தது. செலவை எப்படிச் சமாளிப்பது? மெரிலாந்தில் சபைக்குப் பெரும் நிலபுலன்கள் இருந்தன. அவற்றில் பாடுபட்டவர்கள் கறுப்பின அடிமைகள். சபையே அவர்களுக்கு முதலாளி. அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்ததும், திருமணம் முடித்துவைத்ததும், இறந்தால் மந்திரித்து அடக்கம் செய்ததும் அதே குருக்கள்தாம். கோதுமையும் புகையிலையும் விளைவித்த அந்தக் கைகள்தான் ஜார்ஜ்டவுனைத் தாங்கின. இலவசக் கல்வி என்ற புண்ணியத்துக்கு அடியில் கூலியில்லா உழைப்பு கிடந்தது.

நிலங்கள் நட்டத்தில் ஓடின. கல்லூரித் தலைவராக இருந்த தாமஸ் முல்லெடி கட்டடங்களைக் கட்டிக் கடனை ஏற்றிவைத்திருந்தார். 1837-இல் மெரிலாந்து மாநிலச் சபைத் தலைவராக ஆனதும் அவர் ஒரு வழி கண்டார். அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த வில்லியம் மெக்ஷெரியும் இதில் கூட்டு. ஜூன் 19, 1838 அன்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. லூயிசியானாவின் முன்னாள் ஆளுநர் ஹென்றி ஜான்சனுக்கும் ஜெஸ்ஸி பேட்டி என்ற தோட்டக்காரருக்கும் 272 பேரை விற்பது என்று முடிவாயிற்று. விலை 1,15,000 டாலர். அந்தப் பணத்தில் ஒரு பகுதி நேராகக் கல்லூரிக் கடனுக்குப் போனது.

அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. முதல் பெயர் ஐசக், வயது 65. அவருக்குக் கீழே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மாதக்கணக்கில் வயதுள்ள கைக்குழந்தைகளும் உண்டு.

ரோமிலிருந்து சபையின் தலைமைக் குரு யான் ரூத்தான் நிபந்தனைகள் போட்டிருந்தார். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது. அவர்கள் தங்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தொடர வழி இருக்க வேண்டும். பணத்தைக் கடனடைக்கப் பயன்படுத்தக் கூடாது. எதுவும் காப்பாற்றப்படவில்லை. விற்கவே கூடாது என்று அவர் எழுதவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மனிதரை விற்பதற்கு நல்ல விதிமுறை வகுத்துவிட்டால் மனச்சாட்சி தணிந்துவிடும் என்று படித்த, செபிக்கிற மனிதர்கள் நம்பினார்கள். முல்லெடி பிறகு ரோமுக்கு அழைக்கப்பட்டார். கப்பலில் ஏற்றப்பட்டவர்களைத் திரும்ப அழைக்க யாரும் இல்லை.

என்னை உலுக்குவது இந்த விற்பனையின் ஒரு அம்சம். விற்கப்பட்டவர்கள் அந்நிய மதத்தவர் அல்ல, கத்தோலிக்கர்கள். விற்றவர்கள் பீடத்தில் நின்று யாருக்கு நற்கருணை கொடுத்தார்களோ அவர்களே. லூயிசியானாவில் மரிங்குவின் என்ற சிற்றூரைச் சுற்றி அவர்களில் பலர் வேரூன்றினார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களில் பலர் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்களாகவே இருந்தார்கள். பட்டியலில் பதின்மூன்று வயதுச் சிறுவனாக இருந்த கொர்னேலியஸ் ஹாக்கின்ஸ் அந்த ஊர்க் கத்தோலிக்கக் கல்லறையில்தான் அடங்கியிருக்கிறார். சபை அவர்களைக் கைவிட்டது. அவர்கள் கோயிலை விடவில்லை. ஜார்ஜ்டவுனில் யாருடைய விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது என்று கேட்டால், நான் முதலில் இவர்களுடையதைத்தான் சொல்வேன்.

இந்தக் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. 1874 முதல் 1882 வரை ஜார்ஜ்டவுனின் தலைவராக இருந்து, கல்லூரியை உண்மையான பல்கலைக்கழகமாக வளர்த்தவர் அருள்தந்தை பேட்ரிக் ஹீலி. வளாகத்தின் முகமாக நிற்கும் கோபுரக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான். ஜார்ஜியா மாநிலத்தில் ஐரிஷ் தோட்ட முதலாளி ஒருவருக்கும் அவருடைய அடிமையாக இருந்த மேரி எலைசாவுக்கும் பிறந்தவர் அவர். சட்டப்படி அவரும் அடிமை. வெளிர்நிறம் என்பதால் உலகம் அவரை வெள்ளையராகவே எடுத்துக்கொண்டது. அவருடைய கல்லறையும் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. கறுப்பினத்தவர் என்று அறியப்பட்ட முதல் இளநிலை மாணவர் பட்டம் பெற்று வெளியே வர 1953 வரை ஆயிற்று.

பல்கலைக்கழகத்தின் நிறங்கள் நீலமும் சாம்பலும். உள்நாட்டுப் போரில் வடக்கின் சீருடை நீலம், தெற்கின் சீருடை சாம்பல். இரு பக்கமும் நின்று போரிட்ட மாணவர்கள் மீண்டும் ஒன்றானதைக் குறிக்க 1876-இல் அந்த நிறங்களைத் தேர்ந்தார்கள். தெற்கின் பக்கம் போனவர்களே மிக அதிகம். அந்தச் சமாதானத்தில் லூயிசியானாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் நினைவு யாருக்கும் வரவில்லை.

நினைவு வந்தது ஒரு விடுதியால். இயேசு சபையாரின் பழைய குடியிருப்பைப் புதுப்பித்து, 2015-இல் மாணவர் விடுதியாகத் திறந்தார்கள். அதற்கு முல்லெடியின் பெயர். இந்த முல்லெடி யார் என்று மாணவர்கள் துருவத் தொடங்கினார்கள். மாணவர் இதழில் கட்டுரைகள் வந்தன. விற்பனை பற்றி வரலாற்றாசிரியர்களுக்கு ஏற்கெனவே தெரியும், ஏடுகள் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. ஆனால் அந்தப் பெயருள்ள கட்டடத்தில் தூங்கி எழுவது வேறு விஷயம். அந்த நவம்பரில் மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகத்துக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். முல்லெடி, மெக்ஷெரி இருவரின் பெயர்களும் கட்டடங்களிலிருந்து நீக்கப்பட்டன.

அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் அமைத்த குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. விற்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் படிக்க விண்ணப்பித்தால், பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அதே கவனிப்பு அவர்களுக்கும் உண்டு என்று அறிவித்தார்கள். 2017 ஏப்ரல் 18 அன்று வழித்தோன்றல்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் வந்திருக்க, காஸ்டன் அரங்கத்தில் மனத்துயர் வழிபாடு நடந்தது. அமெரிக்க இயேசு சபையின் சார்பில் அருள்தந்தை திமொதி கெசிக்கி அவர்கள்முன் மன்னிப்புக் கேட்டார். முல்லெடியின் பெயர் இருந்த விடுதிக்கு அன்று ஐசக் ஹாக்கின்ஸ் மண்டபம் என்று பெயர் வைத்தார்கள். பட்டியலின் முதல் பெயர், அந்த 65 வயது முதியவர். மற்றக் கட்டடத்துக்கு, ஜார்ஜ்டவுன் பகுதியில் கறுப்பினச் சிறுமிகளுக்குப் பள்ளி நடத்தி, பின் கன்னியர் மடம் சேர்ந்த ஆன் மரி பெக்ராஃப்ட்டின் பெயர்.

பள்ளிவாசலுக்கும் இந்த நினைவு சேர்ந்துகொண்டது. யாரோ மமூத் என்ற பெயரை 2023-இல் அதற்கு வைத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட முஸ்லிம் அவர். 1796-இல் விடுதலை பெற்று, அதே ஜார்ஜ்டவுன் பகுதியில் சொந்தமாக வீடு வாங்கி வாழ்ந்தவர். ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் 1819-இல் அவரை உருவப்படமாகத் தீட்டியிருக்கிறார்.

2017-இல் வழித்தோன்றல்களில் ஒருவர் முதலாண்டு மாணவியாகச் சேர்ந்தார். நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த மெலிசாண்ட் ஷார்ட்-கொலோம். சமையற்கலைஞராக உழைத்தவர், அப்போது வயது 63. பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வளாக விடுதியிலேயே தங்கிப் படித்தார். பெயர்ப்பலகை மாற்றியதை விடவும் மன்னிப்புக் கேட்டதை விடவும் இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. விற்கப்பட்ட குடும்பத்துப் பெண், விற்ற வீட்டில் அறை எடுத்து, பாடப்புத்தகத்தை மேசைமேல் பரப்பி உட்கார்ந்துவிட்டார்.

2019 ஏப்ரலில் மாணவர்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஒவ்வோர் இளநிலை மாணவரும் பருவத்துக்கு 27 டாலர் 20 சென்ட் கூடுதல் கட்டணம் கட்டி, வழித்தோன்றல்கள் வாழும் ஊர்களின் நலனுக்குத் தரவேண்டும் என்பது கேள்வி. 272 என்ற எண்ணிலிருந்து பிறந்த தொகை அது. ஷார்ட்-கொலோமும் இதற்காகப் பிரசாரம் செய்தார். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஆம் என்றார்கள். 2,541 பேர் ஆதரவு, 1,304 பேர் எதிர்ப்பு. எதிர்த்தவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது: விற்றது நிறுவனம், பணம் பெற்றது நிறுவனம், அப்படியிருக்க மாணவன் ஏன் கட்டவேண்டும்? கல்விக் கடனில் மூழ்கியிருக்கும் பிள்ளைக்கு அந்தச் சில்லறையும் பணம்தான்.

நிர்வாகம் அதைக் கட்டணமாக ஏற்கவில்லை. அதற்கு ஈடாக ஆண்டுக்கு நான்கு இலட்சம் டாலர் அளவுக்கு நன்கொடைகள் மூலம் திரட்டித் தருவதாகச் சொன்னது. பின்னர் அதற்கென்று நிதியமும் வந்தது. 2021-இல் இயேசு சபை தன் பங்காக பத்துக் கோடி டாலர் திரட்டித் தருவதாக, வழித்தோன்றல்களோடு சேர்ந்து அமைத்த அறக்கட்டளைக்கு வாக்களித்தது. தொகையைப் பார்த்தால் மாணவர்கள் கேட்டது இதற்குப் பக்கத்தில் வராது. ஆனாலும் நிர்வாகம் அந்த 27 டாலர் 20 சென்ட்டைக் கட்டணப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். நன்கொடை என்பது மனமிருந்தால் கொடுப்பது. ஐசக்கின் மண்டபத்தில் குடியிருந்த அந்தப் பிள்ளைகள் கேட்டது, தங்கள் கணக்கில் ஒரு கடனை எழுதிக்கொள்ளும் உரிமை.