மருந்து வென்றது, விரல்கள் மடங்கின

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலத்தைக் கடந்து வரும் நம்மில் பலர், இடப்பக்கம் கடலில் பச்சைக் குன்றாகக் கிடக்கும் ஜெரெஜாக் தீவைப் பார்த்திருப்போம். 1969 முதல் 1993 வரை அது சிறைத்தீவாக இருந்தது என்பது பலருக்கும் தெரியும். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அங்கே தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் விட்டார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஊருக்கும் தீவுக்கும் இடையில் சிறு நீர்ப்பரப்புதான். அவர்களுக்கு அதுவே போதுமான மதிலாக இருந்தது.

நான் மருந்தியல் பயிலும் மாணவன். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் விரிவுரையில் தொழுநோய்க்கான மூன்று மருந்துகளைப் பற்றிச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் பாடம் முடிந்துவிட்டது. எனக்கோ அன்று முழுவதும் என் பெரிய தாத்தாவின் கைதான் கண்முன் நின்றது. அவர் என் தாத்தாவின் அண்ணன். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது காலமானார். அவருடைய வலக்கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்நோக்கி மடங்கியே இருக்கும். தேத்தண்ணீர்க் குவளையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவார். சூடு அவருக்குத் தெரியாது.

தொழுநோயைத் தோல் நோய் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அடிப்படையில் அது நரம்பு நோய் ஆகும். 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த அந்தக் கிருமி, நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் உறை அணுக்களுக்குள் குடியேறுகிறது. அதற்குக் குளிர்ச்சியான இடங்களே பிடிக்கும். ஆகவே காது மடல், மூக்கு, கை, கால் என உடம்பின் ஓரங்களையும், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளையும் தேடிப் போகிறது. முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் இருக்குமே, அந்த நரம்புதான் அதிகம் அடிபடும் நரம்புகளுள் ஒன்று. அது செயலிழந்தால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கிப்போகும். கிருமி ஒன்று இரண்டாகப் பெருகவே ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். அதனால்தான் நோய் தொற்றிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் உணர்ச்சியற்ற ஒரு தேமல் தலைகாட்டுகிறது.

மருந்தின் கதைக்கு வருவோம். நம் முன்னோர் நீரடிமுத்து எண்ணெயை நம்பினர். அதே இனத்து மரங்களின் எண்ணெயை ஆங்கில மருத்துவர்களும் ஊசியாகப் போட்டனர். வலி மிகுதி, பயன் சொற்பம். 1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்ஃபோன் வகை மருந்து முதன்முதலாகக் கொடுக்கப்பட்டுப் புண்கள் ஆறத் தொடங்கின. பின்னர் அதே வகையைச் சேர்ந்த டாப்சோன் மலிவான மாத்திரையாகப் பரவியது. தமிழ்நாட்டில் செங்கல்பட்டிலும் மருத்துவர் காக்ரேன் அதைத் தொடக்க காலத்திலேயே பயன்படுத்தினார்.

இந்த வரலாற்றில் மலேசியாவுக்கும் ஓர் இடம் உண்டு. 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வுப் பிரிவை நடத்தினர். அங்கே சிலருக்கு ஆண்டுக்கணக்கில் சல்ஃபோன் மருந்து கொடுத்தும் நோய் மீண்டும் தலைதூக்கியது. மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவில்லை என்று நோயாளியைக் குறை சொல்வதே அக்கால வழக்கம். பெட்டிட், ரீஸ் என்னும் இருவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போகவில்லை. கண்காணிப்பில் மருந்து கொடுத்துப் பார்த்தனர். அந்நோயாளிகளின் கிருமியை எலியின் பாதத்தில் செலுத்தியும் பார்த்தனர். (எலியின் பாதமும் குளிர்ச்சியான இடம்தானே!) டாப்சோன் கொடுத்தும் கிருமி வளர்ந்தது. தவறு நோயாளியிடம் இல்லை, கிருமி மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டது என்று 1964இல் மெய்ப்பித்தனர். உலகில் அதற்குக் கிடைத்த முதல் சான்று அது. தங்கள் சொல்லை நம்ப எலிகள் சாட்சி சொல்ல வேண்டியிருந்ததே என்று அந்நோயாளிகள் நினைத்திருக்கக்கூடும்.

ஒரே மருந்தை நம்பக்கூடாது என்பது அதன்பின் தெளிவாயிற்று. 1982இல் உலகச் சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. மலேசியாவில் அது 1985இல் தொடங்கியது. ரிஃபாம்பிசினை மாதம் ஒருமுறை விழுங்கினால் போதும். முதல் வேளையிலேயே மிகப் பெரும்பாலான கிருமிகள் மடிந்துவிடும். மற்ற மாத்திரைகளை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதத்தில் சிகிச்சை முடிகிறது. 1995 முதல் உலகெங்கும் இம்மருந்து இலவசமாகவே வழங்கப்படுகிறது.

பாடப்புத்தகத்தில் இத்துடன் கதை சுபமாக முடிந்துவிடும். பெரிய தாத்தாவுக்கு அப்படி முடியவில்லை. அவருக்கு இந்த மருந்தைத் தொடங்கியது 1988இல். பாட்டி சொன்னதை நான் பாடத்தோடு ஒட்டிப் பார்த்தேன்.

முதல் மாத்திரை போட்ட அன்றே சிறுநீர் செந்நிறமாகப் போயிற்றாம். இரத்தம் என்று எண்ணி நடுங்கிவிட்டார். அது ரிஃபாம்பிசினின் நிறம், தீங்கற்றது. சில மாதங்களில் முகமும் கையும் கருத்தன. அது குளோஃபாசிமின் செய்வது. மருந்தை நிறுத்தியபின் மெல்ல மெல்ல மறையும். ஆனால் அதுவரை யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்த நோயைத் தோட்டத்து லயத்தில் அந்தக் கருப்புதான் காட்டிக் கொடுத்தது. ஆறாம் மாதம் முழங்கை வீங்கி, இரவெல்லாம் வலி. விரல்கள் மடங்கத் தொடங்கின. "வியாதி வலிக்கல, மருந்துதான் வலிக்குது" என்று சொல்லி மாத்திரைகளை ஆற்றில் எறிந்துவிட்டாராம்.

அவர் முட்டாள் அல்லர். கண்ணால் கண்டதை வைத்துச் சரியாகத்தான் முடிவு கட்டினார். உள்ளே நடந்தது வேறு. மருந்து கிருமிகளைக் கொல்லக் கொல்ல, அவற்றின் சிதைவுகள் நரம்புக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொண்டு அவற்றைத் தாக்குகிறது. முழங்கையில் அந்த நரம்பு ஓடும் வழியோ மிகக் குறுகலானது. வீங்கிய நரம்பு அங்கே நெரிபடுகிறது. இதனை 'எதிர்வினை' என்பர். சிகிச்சைக்கு முன்பும் வரலாம், நடுவிலும் வரலாம், முடிந்த பிறகும் வரலாம். வந்தால் கூட்டு மருந்தை நிறுத்தக்கூடாது. கூடவே பிரெட்னிசோலோன் கொடுத்து வீக்கத்தைத் தணிக்க வேண்டும். நரம்பு செயலிழந்து ஆறு மாதத்திற்குள் இதைத் தொடங்கினால் மீளும் வாய்ப்பு கூடுதல்.

இதை அவருக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. மாத்திரையைத் தந்தவர்கள் எத்தனை, எப்போது என்பதை மட்டும் சொல்லி அனுப்பினார்களாம். அவர் மீண்டும் மருந்தகப் படியேறியபோது ஓராண்டு ஓடிவிட்டது. கிருமி ஒழிந்தது, விரல் நிமிரவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி கிருமியைத்தான் கொல்லும். செத்த நரம்பை அது உயிர்ப்பிக்காது. மடங்கிய விரலை நிமிர்த்துவது அறுவை மருத்துவரின் வேலை. வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் 1940களின் இறுதியிலேயே, நல்ல தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, அத்தகைய கைகளைத் திறக்கச் செய்திருக்கிறார். அப்படி ஒன்று இருப்பதே எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது.

பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற அளவை மலேசியா 1994இல் எட்டியது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்படுகிறது. அவர்களில் பாதிக்கு மேல் இந்தியாவில். நம் நாட்டிலும் புதிய நோயாளிகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அரிக்காத, உணர்ச்சியற்ற தேமலைக் கண்டால் களிம்பு தேடி அலையாமல் அரசாங்கக் கிளினிக்குக்குப் போவது நல்லது. சிகிச்சை தொடங்கிச் சில நாள்களிலேயே பிறருக்குத் தொற்றும் நிலை ஏறத்தாழ இல்லாமல் போகிறது.

சென்ற தீபாவளி விடுமுறையில் இந்தக் கடைசிச் செய்தியைப் பாட்டியிடம் சொன்னேன். பெரிய தாத்தாவுக்கு எங்கள் வீட்டில் கடைசிவரை தனிக் குவளை. சமையலறைச் சன்னலுக்கு வெளியே ஓர் ஆணியில் தொங்கும். "அப்போ, முதல் மாசமே அதை உள்ளே எடுத்து வச்சிருக்கலாமா?" என்று கேட்டார். வைத்திருக்கலாம் என்றேன். பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.